முப்பது திட்டும் ஒரு நல்ல வார்த்தையும்

அந்தப் பல்கலைக்கழக நூலகத்தின் இரண்டாம் மாடியில், ஒளிநகல் எந்திரத்துக்கும் குடிதண்ணீர்க் குழாய்க்கும் நடுவில் ஒரு மேசை உண்டு. எந்திரம் சூடான மூச்சு விடும், குழாய் சொட்டும். நடுவில் உட்கார்ந்து பத்தொன்பது வருடமாக ஒரு பெண்மணி எண்ணிக்கொண்டிருக்கிறாள். வயது நாற்பத்தெட்டு. மூக்குக்கண்ணாடிக் கயிற்றின் ஒரு முனையில் கண்ணாடி, மறுமுனையில் கைக்குட்டை. கைக்குட்டைதான் அதிகம் பயன்படும்.

அவளை எல்லோரும் புள்ளி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காரணம் அவள் வேலை. எந்த அறிஞர் எழுதிய கட்டுரையை வேறு எந்த அறிஞர்கள் தங்கள் கட்டுரையில் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ண வேண்டும். அதோடு ஒரு வரைபடமும் போட வேண்டும். ஒவ்வொரு அறிஞரும் ஒரு புள்ளி. இரண்டு பேர் சேர்ந்து கட்டுரை எழுதியிருந்தால் நடுவில் ஒரு கோடு. நிறைய எழுதியிருந்தால் கோடு தடிக்கும். ஊரில் எத்தனையோ பேர் தங்களைப் பெரிய புள்ளி என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் யார் எவ்வளவு பெரிய புள்ளி என்பது அவளுக்குத்தான் தெரியும்.

பதவி உயர்வுக் காலம் வந்தால் போதும், பெரிய பெரிய அறிஞர்கள் எல்லாம் அவள் மேசை முன்னால் காய்ச்சல்காரர்கள் மாதிரி வந்து நிற்பார்கள்.

“அக்கா, ஏதாவது ஏறியிருக்கா?”

“ஏறலை சார். போன வாரம் இருந்ததுதான்.”

“இன்னொரு தடவை நல்லா பாருங்களேன்.”

“ஏன் சார், தெர்மாமீட்டரா இது? உதறிட்டு மறுபடி வெச்சுப் பார்க்கறதுக்கு?”

வீட்டில் அவள் மாமியாருக்கு மட்டும் இந்த வேலை பிடிபடவே இல்லை. கல்யாணமான புதிதில் ஒரு நாள், “அப்படி என்னதாம்மா வேலை உனக்கு?” என்று கேட்டார்.

“யார் யாரைப் பத்தி எங்கெங்க என்ன பேசியிருக்காங்கன்னு எண்ணுறது அத்தை.”

மாமியார் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். “இதுக்குச் சம்பளமா! நான் நாற்பது வருஷமா சும்மாவே பண்ணிட்டிருக்கேனே!”

புள்ளி அக்காவுக்கு ஒரு பலவீனம் உண்டு. கோடுகளைப் பார்த்தால் அழுகை வந்துவிடும். பத்து வருடம் தடித்துக்கொண்டே போன கோடு ஒரு நாள் சட்டென்று நின்றிருக்கும். ஏன் நின்றது? செத்துப் போனாரா, சண்டையா, வேறு ஊருக்குப் போய்விட்டாரா? வரைபடம் சொல்லாது. அவளாகவே ஒரு கதை கட்டி, அந்தக் கதைக்குத் தானே அழுது, மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த புள்ளிக்குப் போவாள்.

அந்தக் கட்டடத்திலேயே அவளை மிக அதிகமாக அழவைத்த கோடு ஒன்று உண்டு. கயிறு மாதிரி தடித்த கோடு. இருபத்திரண்டு கட்டுரைகள். அதன் ஒரு முனையில் எறும்பம்மா. மறுமுனையில் ‘ஆனால்’ சார்.

எறும்பம்மாவின் அறை கீழ்த்தளத்து நடையின் கடைசியில் இருந்தது. நாற்பத்திரண்டு கண்ணாடிப் பெட்டிகள். பெட்டி வைத்த மேசைகளின் கால்கள் ஒவ்வொன்றும் ஒரு தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கும், எறும்புகள் இறங்கி ஓடிவிடக் கூடாதென்று. முப்பது வருடமாக எறும்புகளையே பார்த்துப் பார்த்து, அந்த அம்மாள் பேசுவதே மெதுவாகிவிட்டது. பலமாக மூச்சுவிட்டால் எறும்புகள் கலைந்துவிடுமாம். இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆளைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் உயரும்.

அந்த ஒரே ஆள் எதிர் அறையில் இருந்தார். எந்தப் பேச்சையும் ‘ஆனால்’ என்று தொடங்குகிற மனிதர். “வணக்கம் சார்” என்றால் “ஆனால் மணி பன்னிரண்டாச்சே” என்பார். ஒரு காலத்தில் எறும்பம்மா எறும்புகளைக் கவனித்துக் குறிப்பெடுப்பார், ஆனால் சார் பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைவார். அவர் வரைந்த எறும்பைப் பார்த்தால் தாளைத் தட்டிவிடத் தோன்றும், அப்படி உயிரோடு இருக்கும். எறும்பம்மாவுக்கு வரைய வராது. அவர் கையில் பென்சில் கிடைத்தால் எறும்பும் ஒன்றுதான், பூசணிக்காயும் ஒன்றுதான்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், அந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே ஒரு எறும்பு புகுந்தது. வரிசையில் முதலில் போகிற எறும்பு. அதற்கு வழி தெரியுமா, தெரியாதா?

“தெரியாது. தெரியாமலேதான் போகுது. பின்னாடி வர்றதுங்க அது போறதை வழின்னு நினைச்சுக்குதுங்க” என்றார் எறும்பம்மா.

“ஆனால் தெரியாம எவனாவது முன்னாடி போவானா?” என்றார் அவர்.

அவ்வளவுதான். பேச்சு முற்றியது, கதவு அறைந்தது, கோடு நின்றது. அப்புறம் அவர் தனியாக எழுதிய கட்டுரைகளில் எல்லாம் எறும்பம்மாவை விடாமல் மறுத்து எழுதினார். பதினோரு வருடத்தில் முப்பத்தொரு இடங்களில். எதிரெதிர் அறையில் இருந்துகொண்டு, உலகத்தின் வேறு மூலையில் அச்சாகும் இதழ்கள் வழியாகச் சண்டை போட்டார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வேளையில்தான் எறும்பம்மாவுக்கு ஐம்பத்தொன்பது முடிந்தது.

அங்கே ஒரு விதி. பேராசிரியர் ஆகாதவர்கள் அறுபதில் வீட்டுக்குப் போக வேண்டும். பேராசிரியர் ஆனால் அறுபத்தைந்து வரை இருக்கலாம். அதாவது, இந்த வருடம் பதவி உயர்வு கிடைத்தால் எறும்பம்மாவுக்கு இன்னும் ஐந்து வருடம். இல்லையென்றால் நாற்பத்திரண்டு பெட்டிகளையும் காலி செய்துகொடுக்க வேண்டும். அந்த அறையைக் கூட்ட அரங்கமாக மாற்றுவதற்கு டீன் அளவெடுக்கக்கூட ஆள் அனுப்பிவிட்டார். அளவெடுக்க வந்தவன் எறும்பு கடித்துத் திரும்பிப் போனான் என்பது வேறு கதை.

பேராசிரியர் ஆக ஹெச்-குறியீடு பதினைந்து வேண்டும். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒருவர் எழுதியதில் பதினைந்து கட்டுரைகளாவது, ஒவ்வொன்றும் பதினைந்து தடவையாவது மேற்கோள் காட்டப்பட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். எறும்பம்மாவுக்குப் பதினைந்து இருந்தது, கச்சிதமாக. பதினான்கு கட்டுரைகள் நல்ல நிலைமையில் இருந்தன. பதினைந்தாவது, மூன்று வருடத்துக்கு முன் அவர் தனியாக எழுதியது, சரியாகப் பதினைந்தே மேற்கோள்களோடு நூலிழையில் தொங்கியது.

தொங்கினாலும் போதும்தானே? போதும்தான். ஆனால் அந்த வருடம் டீன் புதிதாக ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தார். சில துறைகளில் நான்கைந்து பேர் கூட்டுச் சேர்ந்துகொண்டு, ‘நீ என்னைக் காட்டு, நான் உன்னைக் காட்டுகிறேன்’ என்று மேற்கோளை மாற்றி மாற்றி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மாமன் மச்சான் மேற்கோள் என்று புள்ளி அக்கா அதற்குப் பெயர் வைத்திருந்தாள். அதை ஒழிக்க வந்தது சுற்றறிக்கை. சேர்ந்து எழுதியவர்கள் காட்டும் மேற்கோள் எதுவும் கணக்கில் வராது!

அதாவது, கணக்குப்படி எறும்பம்மாவுக்கு ஆனால் சார் நெருங்கிய சிநேகிதர். அவர் திட்டிய முப்பத்தொரு திட்டும் சலுகை.

புள்ளி அக்கா முப்பத்தொன்றையும் கழித்துப் பார்த்தாள். பதினைந்து, பன்னிரண்டுக்கு இறங்கியது. பதினோரு வருடமாக அந்த அம்மாளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்ததே அவருடைய எதிரிதான் என்று அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது. கைக்குட்டை நனைந்தது.

துடைத்துக்கொண்டு சுற்றறிக்கையை மறுபடி படித்தாள். ஏழாவது விதியில் ஒரு சின்னச் சந்து இருந்தது. சேர்ந்து எழுதியவரே மறுத்து எழுதியிருந்தால் அது சலுகை ஆகாது, சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் மறுத்த வாக்கியத்தை எடுத்தெழுதி, ‘மறுப்பு’, ‘ஏற்பு’ என்று இரண்டு பத்தி போட்டுக் குறித்து, எழுதியவரிடமே ஒப்பம் வாங்கித் தர வேண்டும்.

மூன்று நாள் சாப்பாட்டு இடைவேளைகூட எடுக்காமல் ஆனால் சாரின் கட்டுரைகளைப் படித்தாள். எறும்பு பற்றி ஒன்றும் புரியவில்லை. திட்டு எல்லாம் புரிந்தது.

‘இந்த முடிவுக்குக் கடுகளவும் ஆதாரம் இல்லை.’ மறுப்பு.

‘எறும்புகளைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு எழுதியது போலிருக்கிறது.’ மறுப்பு.

‘இவருடைய பொறுமை வியக்கத்தக்கது. இவருடைய முடிவு அதைவிட வியக்கத்தக்கது.’ இதற்கு ஒரு நிமிடம் யோசித்தாள். மறுப்புதான்.

‘பின்னிணைப்பில் நான்காம் வரிசையில் கூட்டல் தவறு.’

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டாள். பின்னிணைப்பில் நான்காம் வரிசை! கட்டின புருஷன்கூடப் பெண்டாட்டி சொல்வதை இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லையே! அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ‘உப்பு தீர்ந்துடுச்சு’ என்று மூன்று நாள் சொன்னால் நான்காம் நாள் ‘ஏன் சொல்லலை?’ என்று கேட்கிற ரகம்.

முப்பது வாக்கியம் முடிந்தது. முப்பதும் பச்சைத் திட்டு. கடைசிக் கட்டுரை போன மாதம் வந்தது. நூலிழையில் தொங்கிய அந்தப் பதினைந்தாவது கட்டுரையை அவர் மேற்கோள் காட்டியது இதில் மட்டும்தான். மூன்று வருடமாக அதைத் தொடாமலே இருந்திருக்கிறார். இதில் என்ன காட்டமாக எழுதியிருக்கிறாரோ என்று ஆவலாகப் புரட்டினாள்.

‘முதலில் செல்லும் எறும்புக்கு வழி தெரியாது என்று அவர் சொன்னதே சரி. பதினோரு ஆண்டுகளாக நான் தவறாக இருந்தேன்.’

தண்ணீர்க் குழாய் சொட்டுவது அவளுக்குக் கேட்டது.

பாவி மனுஷா! பதினோரு வருடம் திட்டினீரே, இன்னும் ஒரே ஒரு மாதம் திட்டக் கூடாதா? இது ஏற்பு. இதைக் கழிக்க வேண்டும். கழித்தால் அந்தக் கட்டுரைக்குப் பதினான்கு. பதினான்கு என்றால் எறும்பம்மாவுக்கு வீடு. முப்பது திட்டு தாங்கிப் பிடித்த பெண்ணை ஒரு நல்ல வார்த்தை கவிழ்த்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து எறும்பம்மாவே மாடியேறி வந்துவிட்டார். புடவை முந்தானையில் ஒரு எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. அதை விரலில் ஏற்றிச் கைப்பையில் வைத்திருந்த சின்னக் குப்பிக்குள் விட்டுக்கொண்டே, மெல்லிய குரலில் கேட்டார்:

“எவ்வளவு வந்திருக்கும்மா எனக்கு?”

“எண்ணிக்கிட்டே இருக்கேன் மேடம்.”

“என் எறும்புங்க இதுக்குள்ள ஒரு மூட்டை சர்க்கரையே நகர்த்தியிருக்கும்.”

“மேடம், எதிர் ரூம் சார் எழுதறதையெல்லாம் நீங்க படிப்பீங்களா?”

குரல் உயர்ந்தது. “அந்த மனுஷன் எழுதறதையா? அந்தத் தாள் மேல என் எறும்புகூட ஏறாது!” ஒளிநகல் எடுக்க வந்தவர் ஒருவர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். எறும்பம்மா குரலைத் தணித்துக்கொண்டார். “பெட்டியையெல்லாம் எங்க கொண்டுபோறதுன்னு நேத்து யோசிச்சுப் பார்த்தேன். என் ஃப்ளாட்ல அலமாரி, கட்டிலடி, பால்கனி எல்லாம் சேர்த்து பதினேழு வெக்கலாம். மீதி இருபத்தஞ்சை என்ன பண்றதுன்னு தெரியலை. எதை விடறது சொல்லு?”

அவர் போன பிறகு புள்ளி அக்கா வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருடத்தில் ஒரு புள்ளியைக்கூட அவள் பொய்யாக வைத்ததில்லை. நூலகரின் சொந்த மைத்துனருக்கே ‘பூஜ்யம்’ என்று எழுதிக் கொடுத்தவள். அப்பேர்ப்பட்டவள் அன்றைக்கு யாராவது கவனிக்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். முப்பத்தொன்றாவது வாக்கியத்துக்கு நேராக, ‘மறுப்பு’ பத்தியில் ஒரு டிக் போட்டாள். முப்பது திட்டுக்கு அடியில் யார் கவனித்துப் பார்க்கப் போகிறார்கள்!

மறுநாள் காலை அட்டவணையை எடுத்துக்கொண்டு ஆனால் சாரின் அறைக்குப் போனாள்.

“வணக்கம் சார். ஒரு கையெழுத்து வேணும்.”

“ஆனால் எதுக்கு?”

“நீங்க எதிர் ரூம் மேடத்தைத் திட்டினதுக்கெல்லாம் லிஸ்ட் போட்டிருக்கேன். எல்லாம் நீங்க திட்டினதுதான்னு கையெழுத்துப் போட்டா போதும்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். முதல் பக்கம் படிக்கும்போது முகத்தில் கொஞ்சம் பெருமை இருந்தது. “கூரையைப் பார்த்துக்கிட்டு... நல்லா எழுதியிருக்கேன் இல்ல?” என்றார். இரண்டாம் பக்கத்தில் பெருமை குறைந்தது. மூன்றாம் பக்கத்தில் காது சிவந்தது.

“இவ்வளவுமா எழுதினேன்?”

“முப்பது சார்.”

“ஆனால் இதுல முப்பத்தொண்ணு போட்டிருக்கே.”

புள்ளி அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் விரல் வரிசையாக இறங்கி கடைசி வரியில் நின்றது. நான்காம் வரிசைக் கூட்டலையே கண்டுபிடித்த மனிதர். இதையா விடுவார்?

“இது மறுப்பு இல்லையேம்மா. நான் ஒத்துக்கிட்டேனே. இதை எழுதறதுக்கு எனக்கு மூணு வருஷம் ஆச்சு தெரியுமா? அவங்களோட அந்தச் சோதனையை நானே திரும்பச் செஞ்சு பார்த்தேன். ஒரு தடவை இல்ல, ஒன்பது தடவை. ஒன்பது தடவையும் அவங்க சொன்னதுதான் வந்துது.” பேனாவை எடுத்தார். டிக்கைக் குறுக்குக் கோடு போட்டு அடித்தார். ‘ஏற்பு’ பத்தியில் அழகாக ஒரு டிக் போட்டுப் பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். “நீயே பொய்க் கணக்கு வெக்கலாமாம்மா?”

புள்ளி அக்கா ஓவென்று அழுதுவிட்டாள். அவர் பதறிப்போய் தண்ணீர் கொடுத்தார், நாற்காலி போட்டார், மின்விசிறியைச் சுழலவிட்டார். அவள் விக்கலுக்கு நடுவில் எல்லாவற்றையும் கொட்டினாள். சுற்றறிக்கை, ஏழாவது விதி, பதினைந்து, பதினான்கு, கட்டிலடியில் வைக்கப்போகிற பெட்டிகள்.

“அப்போ...” என்றார் அவர். அந்த இடத்தில் ஒரு ‘ஆனால்’ வந்திருக்க வேண்டும், வரவில்லை. “அப்போ நான் திட்டினதெல்லாம் அவங்களுக்கு ஏணி. பாராட்டினது குழியா?”

“ஆமா சார்.”

“அந்த நல்ல வார்த்தையை எடுத்துட முடியாதா?”

“அச்சாயிடுச்சே சார். எடுத்தாலும் பதினாலுதான், திட்டியிருந்தாத்தான் பதினஞ்சு.”

அவர் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் நடை, நடைக்கு அந்தப் பக்கம் எறும்பம்மாவின் கதவு. பிறகு கேட்டார், “பட்டியல் எப்போ குடுக்கணும்?”

“அடுத்த வெள்ளிக்கிழமை, சாயங்காலம் அஞ்சு மணி. பத்து நாள் இருக்கு.”

“அந்தப் பதினைஞ்சாவது கட்டுரையோட நல்ல பிரதி ஒண்ணு எடுத்துக் குடு. படமெல்லாம் தெளிவா இருக்கணும். அப்புறம், நூலகத்துல பெரிய பூதக்கண்ணாடி இருக்கு இல்ல?”

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. கேட்டால் அதுவும் மாமன் மச்சான் வேலை ஆகிவிடும். பிரதியையும் கண்ணாடியையும் கொண்டுபோய் மேசைமேல் வைத்துவிட்டு, திரும்பிப் பாராமல் வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவர் அறையைக் கடக்கும்போதெல்லாம் ஓரக்கண்ணால் பார்ப்பாள். அவர் கட்டுரையின் மேல் கவிழ்ந்து கிடப்பார். ஒரு நாள் தலையைப் பிடித்துக்கொண்டு, “ஒரு தப்புகூட பண்ணித் தொலைக்கலையே இந்தப் பொம்பளை!” என்று முனகியது காதில் விழுந்தது. வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தவளைப் பார்த்து மாமியார், “என்னம்மா, சாப்பிடாம என்ன யோசனை?” என்றார்.

“ஒருத்தர் ஒருத்தங்களைத் திட்டணும் அத்தை. காரணம் கிடைக்கலை.”

“காரணம் கிடைக்கலையா!” மாமியார் சிரித்த சிரிப்பில் பாத்திரம் அதிர்ந்தது. “என்கிட்ட அனுப்பு அந்த ஆளை. காரணமே இல்லாம எப்படித் திட்டறதுன்னு ஒரு மணி நேரத்துல பழக்கிடறேன்.”

ஆனால் சார் அப்படிப்பட்டவர் இல்லை. காரணம் இல்லாமல் அவர் யாரையும் திட்டியதில்லை. அதுதான் சிக்கலே.

வெள்ளிக்கிழமை விடிந்தது. பத்து மணி, பதினொன்று. திருத்தக் குறிப்புகளை மட்டும் ஒரே நாளில் சரிபார்த்து வெளியிடுகிற இணைய இதழ் ஒன்று உண்டு. அதை அவள் வழக்கம்போல் திறந்தாள். பதினோரு வரியில் ஒரு குறிப்பு. கீழே ஆனால் சாரின் பெயர்.

‘மேற்படி கட்டுரையின் இரண்டாம் படத்தில் எறும்புக்கு ஐந்து கால்கள் வரையப்பட்டுள்ளன. எறும்புக்கு ஆறு கால்கள். முப்பது ஆண்டுகள் எறும்புகளோடு வாழ்ந்த ஒருவர் இப்படி வரைவது மன்னிக்க முடியாத கவனக்குறைவு. இப்படம் ஏற்கத்தக்கதல்ல.’

புள்ளி அக்கா அந்தப் படத்தைத் தேடி எடுத்து எண்ணினாள். வாழ்நாளில் லட்சக்கணக்கான மேற்கோள்களை எண்ணியவள், அன்றைக்குத்தான் எறும்பின் காலை எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. மறுபடி எண்ணினாள். ஐந்துதான்! பூசணிக்காய்க்கு ஐந்து குச்சி குத்தியதுபோல, சத்தியமாக ஐந்துதான்!

பேனாவை எடுத்துவிட்டு ஒரு கணம் தயங்கினாள். இது மறுப்பா, ஏற்பா? இதைவிடப் பெரிய ஏற்பை அவள் பத்தொன்பது வருடத்தில் பார்த்ததில்லை. ஆனால் விதி மனசைக் கேட்கவில்லை, வாக்கியத்தைத்தான் கேட்டது. வாக்கியம் பச்சைத் திட்டு. குற்றமும் உண்மையான குற்றம். முப்பத்திரண்டாவது வரிசை எழுதி, ‘மறுப்பு’ பத்தியில் டிக் போட்டாள். இந்த முறை சுற்றுமுற்றும் பார்க்கவில்லை.

கையெழுத்து வாங்கக் கீழே இறங்கியவள் நடையிலேயே நின்றுவிட்டாள். எறும்பம்மாவின் கதவு படாரென்று திறந்தது. கையில் அச்செடுத்த ஒற்றைத்தாள். முப்பது வருடமாகச் சேர்த்துவைத்த மூச்சையெல்லாம் அன்றைக்கே விட்டுவிடுவார் போலிருந்தது. பதினோரு வருடமாக மிதிக்காத எதிர்வாசலை ஒரே எட்டில் மிதித்தார்.

“ஆறாவது கால் உடம்புக்குப் பின்னாடி மறைஞ்சிருக்கு! கண்ணு தெரியலையா உங்களுக்கு?”

“ஆனால் பின்னாடி இருந்தா நுனியாவது தெரியணுமே!”

“மடக்கி வெச்சிருக்கு!”

“நடக்கிற எறும்பு எதுக்குக் காலை மடக்கி வெக்குது? நொண்டியடிக்குதா?”

“மன்னிக்க முடியாத கவனக்குறைவா? யாருக்கு? எனக்கா? எனக்கு வரைய வராதுன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்” என்றார் அவர்.

“தெரிஞ்சுமா இப்படி எழுதினீங்க?”

“தெரிஞ்சதனாலதான் படத்தைப் பார்த்தேன். எழுத்துல ஒரு தப்பும் இல்லையே. எட்டு நாள் தேடினேன்.”

வாசலில் நின்ற புள்ளி அக்காவை எறும்பம்மா அப்போதுதான் பார்த்தார். அவள் கையிலிருந்த அட்டவணையை வாங்கி, வரிசையாகப் பார்த்தார். முப்பது, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. முப்பது வருடம் எறும்பு வரிசையைப் பார்த்த கண். ஒரு வரிசை எங்கிருந்து எங்கே போகிறது என்று அதற்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

“போன மாசம் எழுதினீங்களே, நான் சொன்னது சரின்னு... அதை நான் படிச்சேன்” என்றார் அடங்கிய குரலில்.

“அந்தத் தாள் மேல எறும்புகூட ஏறாதுன்னீங்களே மேடம்!” என்றாள் புள்ளி அக்கா, தன்னை மறந்து.

“எறும்பு ஏறலை. நான்தான் ஏறினேன். நூறு தடவை படிச்சிருப்பேன்.”

“ஆனால் ஒரு வார்த்தை வந்து சொல்லலையே நீங்க” என்றார் அவர். அந்த ‘ஆனால்’ உடைந்து வந்தது.

“என்ன சொல்றது? நீங்க திட்டினா என்ன பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரியும். பதினோரு வருஷப் பழக்கம். நல்ல வார்த்தைக்குப் பதில் சொல்லத் தெரியலை. கதவு வரைக்கும் வந்து வந்து திரும்பினேன்.” கையிலிருந்த ஒற்றைத்தாளை ஆட்டினார். “இன்னைக்குத் திட்டினீங்க பாருங்க, வந்துட்டேன்.”

புள்ளி அக்காவின் கைக்குட்டை அதற்குமேல் தாங்கவில்லை. அட்டவணையில் சொட்டிவிடாமல் அதைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, “சார், மேடம், அழறதெல்லாம் அப்புறம் வெச்சுக்கலாம். அஞ்சு மணிக்குள்ள கையெழுத்து வேணும்” என்றாள். உண்மையில் அங்கே அழுதுகொண்டிருந்தது அவள் மட்டும்தான்.

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து பேனாவைத் தேடினார். பேனாவோடு ஒரு தாளும் வெளியே வந்தது. அதில் ஒரு எறும்பு. பக்கவாட்டில், நடக்கிற நிலையில், இரண்டாம் படம் எப்படி இருந்திருக்க வேண்டுமோ அப்படியே. தாளைத் தட்டிவிடத் தோன்றியது. எறும்பம்மா விரலை நீட்டி ஒவ்வொரு காலாகத் தொட்டு எண்ணினார். ஆறாவது காலில் விரல் நின்றது, வெகுநேரம் எடுக்கவில்லை.

அடுத்த வாரம் குழு கூடியது. டீன் அட்டவணையைப் படித்துக்கொண்டே வந்தவர், ஐந்து கால் எறும்பில் வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். “ஏம்மா, எத்தனையோ பேரோட பட்டியல் பார்த்திருக்கேன். இவ்வளவு திட்டு வாங்கின ஒருத்தங்களைப் பார்த்ததே இல்லையே!”

“அவ்வளவு கவனமா படிக்கப்பட்டவங்களையும் பார்த்திருக்க மாட்டீங்க சார்” என்றாள் புள்ளி அக்கா. “விதி ஏழுப்படி கையெழுத்து எல்லாம் சரியா இருக்கு.”

இருந்தது. எறும்பம்மா பேராசிரியர் ஆனார். கூட்ட அரங்கத்துக்கு டீன் வேறு இடம் பார்த்துக்கொண்டார். அங்கே எறும்பு இல்லையா என்று முதலில் விசாரித்தாராம்.

நான்கு மாதம் கழித்து ஒரு காலை, இரண்டு பேரும் மாடியேறி அவள் மேசைக்கு வந்தார்கள். சேர்ந்து எழுதிய கட்டுரை ஒன்று, இருபத்துமூன்றாவது. அனுப்புவதற்கு முன்னால் பதிவு செய்ய வேண்டும். புள்ளி அக்கா கணினியில் வரைபடத்தைத் திறந்தாள். பதினோரு வருடமாக நின்றிருந்த கோட்டின் நுனியில் சொடுக்கியை வைத்துக்கொண்டு கேட்டாள், “யார் பேர் முதல்ல?”

“அவங்க பேர்தான். ஆனால் இதிலென்ன சந்தேகம்?” என்றார் அவர்.

“வேண்டாம், அவர் பேரைப் போடு. முதல்ல போறதுக்கு வழி தெரியாதுன்னு எழுதினவ நான். நானே போய் முன்னாடி நிப்பேனா?”

“அது சரின்னு ஒத்துக்கிட்டவன் நான். வழி தெரியாதுன்னு தெரிஞ்சும் எப்படிப் போறது?”

“படம் வரைஞ்சவர்தான் முன்னாடி.”

“பார்த்தவங்கதான் முன்னாடி.”

ஒளிநகல் எடுக்க வந்த நாலு பேர் வரிசையில் காத்துக்கொண்டிருந்தார்கள். குரல்கள் உயர ஆரம்பித்தன. புள்ளி அக்கா சொடுக்கியை விட்டுவிட்டு, கண்ணாடிக் கயிற்றின் மறுமுனைக் கைக்குட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு, நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.